வக்கீல்கள் வெளியே நின்ற நாள்

"டீச்சர், நீங்க உள்ள போவக் கூடாது" என்று கையை விரித்து என்னை மறித்தவர் வேறு யாருமில்லை, என் வக்கீல்தான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஒருத்தர் என் வழியை மறித்துவிட்டார் என்றுதானே நான் வழக்கே போட்டேன்? அதை நடத்தித் தருகிறேன் என்று வகாலத்து வாங்கிய குமரகுருபரன் சாரே இப்போது கோர்ட்டு வாசலில் கறுப்புக் கோட்டும் வெள்ளைப் பட்டையுமாக என்னை மறித்து நிற்கிறார். அவருக்குப் பின்னால் சாமியானாப் பந்தல். பந்தலுக்குள் செங்கால்குறிச்சி வக்கீல் சங்கம் மொத்தமும் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தது.

"ஏன் போவக் கூடாது?"

"புறக்கணிப்பு நடக்கு, தெரியும்லா? சங்கத்துல தீர்மானம் போட்டாச்சு. ஒரு வக்கீலும் உள்ள போவ மாட்டோம்."

"நான் வக்கீல் இல்லியே சார்."

"அது சரி. இன்னைக்குப் போயி என்ன செய்யப் போறிய? எல்லாக் கேசையும் கூப்பிட்டு மொத்தமா வாய்தா போடுவாங்க. வெயில்ல நிக்காம வீட்டுக்குப் போங்க. பொறவு பாத்துக்கிடலாம்."

பொறவு பாத்துக்கிடலாம். இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. நான் வழக்குப் போட்டபோது என் மகள் ஸ்டெபி இரட்டைச் சடை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். இப்போது கல்யாணமாகி நாங்குநேரியில் குடித்தனம் நடத்துகிறாள். போனில் பேசும்போதெல்லாம், "அம்மா, கேஸ் முடிஞ்சிட்டா?" என்று கேட்டுவிட்டு அவளே சிரிப்பாள்.

என் பெயர் தேவமணி. இந்த ஊர் மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று பிள்ளைகள் பேசிக்கொள்வார்கள். பொய் சொல்லவில்லை பாவம்.

என் அப்பா பாளையங்கோட்டையில் படித்துவிட்டு இங்கே வாத்தியாராக வந்தவர். வந்த இடத்தில் ஒரு வயல் வாங்கினார். ஆற்றுக்கும் வாய்க்காலுக்கும் நடுவில், கையில் அள்ளினால் விரலில் ஒட்டுகிற வண்டல் மண். அப்பாவுக்குப் பின் அது எனக்கு வந்தது. ரோட்டிலிருந்து அதற்குப் போக ஒரே ஒரு வண்டிப்பாதைதான். சிவசங்கரன் அண்ணாச்சியின் வயலுக்குள் ஓரமாகப் போகும். அண்ணாச்சி பழைய பண்ணையார் குடும்பம். நிலபுலமெல்லாம் கைவிட்டுப் போய், மிச்சமிருப்பது அந்த ஒரு வயலும் பஜாரில் ஒரு உரக்கடையும். நடை மட்டும் இன்னும் பண்ணையார் நடைதான். அந்த மனிதர் ஒருநாள் பாதைக்குக் குறுக்கே சுவர் எழுப்பிவிட்டார். கேட்டதற்கு, "என் எடம், என் செவரு" என்றார்.

வயல் இருக்கிறது, போக வழி இல்லை. வரப்பில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நான் போய்விடுவேன். டிராக்டர் போகுமா? அறுப்பு மெஷின் போகுமா? கதிரைத் தலைச்சுமையாகத் தூக்கிவர இந்தக் காலத்தில் யார் வருகிறார்கள்? சுற்றிலும் பிசானப் பருவத்து நெல் தலைசாய்ந்து நிற்கும்போது நடுவில் என் வயல் மட்டும் கோரை மண்டிக் கிடக்கும். பார்க்கும்போதெல்லாம் வயிறு பற்றி எரியும். இதற்கு நடுவில் அண்ணாச்சி, "வழி இல்லாத வயல வச்சி டீச்சர் என்ன செய்யப் போறா? எங்கிட்டயே குடுத்துரச் சொல்லுங்க" என்று ஆள் விட்டுக்கொண்டே இருந்தார். அவருக்கு வேண்டியது சுவர் இல்லை, என் வயல்.

சரி, கோர்ட்டு இருக்கிறதே என்று போனேன். என் வழக்குக் கட்டு சுற்றிய ஊர்களை நான்கூடச் சுற்றியதில்லை. முதலில் இந்த ஊர்க் கோர்ட்டில் போட்டேன். நிலத்தின் மதிப்பு இந்தக் கோர்ட்டு வரம்புக்கு மேலே போகிறது என்று திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். வரம்பைக் கூட்டினார்கள், கட்டு திரும்பி வந்தது. மாவட்டத்தைப் பிரித்தார்கள், எங்கள் கிராமம் எந்தப் பக்கம் என்று தெரியாமல் கட்டு ஒரு வருஷம் பீரோவில் தூங்கியது. சாட்சி விசாரணை எப்படியோ முடிந்தது. வாதம் மட்டும் பாக்கி. வாதம் பாதியில் இருக்கும்போது நீதிபதிக்கு மாற்றல் வரும். புதிதாக வருகிறவர் முதலிலிருந்து சொல்லுங்கள் என்பார். அவருக்குச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கும் மாற்றல். இப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது அதற்கும் மேலே ஒன்று. மேலப்பேரியில் புதுக் கோர்ட்டு திறக்கப் போகிறார்கள். ஆற்றுக்குத் தென்கரைக் கிராமங்களெல்லாம் இனி அங்கே. என் வயல் தென்கரை. மே மாதக் கோர்ட்டு லீவு முடிந்ததும் கட்டு அங்கே போய்விடும். இங்கே இப்போது நீதிபதியாக இருக்கிற முன்சிபு அம்மாவுக்கும் வேறு ஊருக்கு உத்தரவு வந்துவிட்டது. அங்கே போனால் மறுபடியும் புது நீதிபதி, மறுபடியும் முதலிலிருந்து.

இதை எதிர்த்துத்தான் புறக்கணிப்பு. வக்கீல்கள் கோபப்படுவதில் நியாயம் இல்லாமல் இல்லை. எங்கள் கோர்ட்டு சும்மா வந்த கோர்ட்டு இல்லை. முன்னெல்லாம் வரப்புத் தகராறுக்குக்கூட வண்டி கட்டிக்கொண்டு திருநெல்வேலிக்குப் போக வேண்டும். சத்திரத்தில் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு கூப்பிடுகிறவரைக்கும் காத்துக் கிடக்க வேண்டும். ஊர்க்காரர்கள் மனுப் போட்டுப் போட்டு வெள்ளைக்காரனை ஓயவிடாமல் அடித்த பிறகு, வாரத்தில் இரண்டு நாள் ஒரு முன்சிபு இங்கே வந்து உட்கார்ந்தார். கட்டடம் கிடையாது. நெல் கிட்டங்கியில் மூட்டைக்கு நடுவே மேசை போட்டு விசாரித்தார்களாம். கிட்டங்கிக் கோர்ட்டு என்றுதான் இன்றைக்கும் வயசாளிகள் சொல்வார்கள். அப்புறம்தான் ஓட்டுக் கட்டடம், கூண்டு, மணி எல்லாம். அப்படிக் கேட்டு வாங்கிய கோர்ட்டைப் பாதியாக அறுத்துக் கொடுக்க யாருக்கு மனசு வரும்? எனக்கும்தான் வரவில்லை.

ஆனால் என் வீட்டு நிலவரம் வேறு. என் வீட்டுக்காரர் கிருபைராஜ் மின்வாரிய ஆபீசில் இருக்கிறார். சண்டை என்றாலே ஒதுங்கிப் போகிறவர். "ஏளா, எனக்குக் கோர்ட்டு வாசல மிதிச்சி மிதிச்சி காலு ஓஞ்சு போச்சு. இந்த முன்சிபு அம்மா போறதுக்குள்ள வாதம் முடியலன்னா வித்துருவோம். அண்ணாச்சிட்டயே குடுத்துட்டு நிம்மதியா இருப்போம்" என்றார். "சரி, வித்துருவோம்" என்று சொல்லிவிட்டேன். கோபத்தில் சொன்னதுதான், இருந்தாலும் சொன்னது சொன்னதுதானே. வக்கீல் என்னை மறித்த அன்றைக்குத்தான் கடைசி வாய்தா. லீவுக்கு முன்னால் வேறு தேதி கிடையாது. அன்றைக்குப் பார்த்து இவர்கள் பந்தல் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

"சார், கோர்ட்டு பிரிஞ்சி போவக் கூடாதுன்னு போராடுதியளே, இருக்க கோர்ட்டையும் பூட்டிப் போட்டா எவன் இத வச்சிருக்கணும்னு சொல்லுவான்?" என்றேன் வக்கீலிடம்.

"டீச்சர், இது உங்களுக்குப் புரியாது."

"எனக்குக் கணக்கே புரியும், இது புரியாதா?"

பந்தலுக்குள்ளிருந்து யாரோ சிரித்தார்கள். குமரகுருபரன் சாருக்கு முகம் சுருங்கிவிட்டது. "பாருங்க, என் வகாலத்து இருக்கப்போ நீங்க தனியாப் பேச முடியாது. ஜட்ஜ் கேக்க மாட்டாங்க" என்றார்.

"அப்ப வகாலத்த ரத்து பண்ணிருதேன்."

அவர் என்னைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திப் பைய சொன்னார். "யோசிச்சுப் பேசுங்க. இன்னைக்கு நீங்க உள்ள போனா நாளைக்கு இந்த ஊருல ஒரு வக்கீலும் உங்க கேசத் தொட மாட்டான். நான் மிரட்டல, உள்ளதச் சொல்லுதேன்."

"தொட வேண்டாம் சார். இத்தன வருசமா தொட்டு என்ன கண்டோம்?"

சொல்லிவிட்டு அவர் விரித்த கைக்குக் கீழே குனிந்து உள்ளே போனேன். கூட வந்திருந்த கிருபைராஜ், "தேவமணி, ஏ தேவமணி" என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தவர், வக்கீலைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு அதே கைக்குக் கீழே அவரும் குனிந்து வந்துவிட்டார். அந்த மனுஷனை அன்றைக்குத்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

கோர்ட்டு ஹாலில் வக்கீல் நாற்காலிகளெல்லாம் காலி. மின்விசிறி மட்டும் யாருக்கோ சுற்றிக்கொண்டிருந்தது. வாய்தா தேதி தெரிந்துகொள்ள வந்த ஜனங்கள் வராந்தாவிலும் ஜன்னலிலும் நின்றார்கள். முன்சிபு அம்மா மேலே உட்கார்ந்திருந்தார். சின்ன வயசு, வேலூர்ப் பக்கத்துக்காரர். ஒவ்வொரு கட்டாக எடுத்து, "வக்கீல் வரல, ஜூன்" என்று தள்ளிவைத்துக்கொண்டிருந்தார். டவாலி மாரிராஜ் வராந்தாவுக்கும் உள்ளுக்குமாக நடந்து பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். என்னிடம் கணக்குப் படித்துப் பெயிலானவன் அவன். ஆனால் குரல் மட்டும் பஜார்வரைக்கும் கேட்கும்.

என் வழக்கைக் கூப்பிட்டதும் எழுந்து நின்றேன். "அம்மா, நான்தான் வாதி. என் வக்கீல் வகாலத்த ரத்து பண்ணுதேன். நானே வாதம் சொல்லுதேன்" என்று சொல்லி, அங்கேயே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அம்மா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "உங்களுக்குச் சட்டம் தெரியுமா?"

"பாதை தெரியும். சட்டத்த நீங்க பாத்துக்கிடுங்க."

ஜன்னலில் சிரிப்பு. அம்மா சிரிக்கவில்லை. "சரி. ஆனா எதிர்த் தரப்பைக் கேக்காம நான் ஒண்ணும் செய்ய முடியாது. பிரதிவாதி வந்திருக்காரா?"

"வாசல்ல டீக்கடைல இருக்காவ. வரும்போது பாத்தேன்" என்றேன்.

"கூப்பிடு" என்றார் அம்மா.

எங்கள் கோர்ட்டில் கூப்பிடுவது என்றால் மூன்று தடவை. பெயரை மட்டும்தான் கூப்பிட வேண்டும், அண்ணாச்சி, ஐயா எதுவும் கூடாது. யாராக இருந்தாலும் அதுதான் முறை. புறக்கணிப்பு நாளில் கூப்பிட்டாலும் காதில் விழாத மாதிரி இருந்துவிட வேண்டும் என்று வக்கீல்கள் எல்லாக் கட்சிக்காரர்களுக்கும் சொல்லிவைத்திருந்தார்கள். அண்ணாச்சிக்கும் சொல்லியிருப்பார்கள். பேசாமல் டீயைக் குடித்துக்கொண்டிருந்தால் அவருக்கு ஜூன் மாதம் வாய்தா கிடைத்திருக்கும். எனக்கு வயல் போயிருக்கும்.

மாரிராஜ் வராந்தா முனையில் போய் நின்றான். "சிவசங்கரன்! சிவசங்கரன்! சிவசங்கரன்!"

பஜாரே திரும்பிப் பார்த்திருக்கும். எந்தத் தெருவில் அவர் தாத்தா வந்தால் ஜனங்கள் துண்டை இடுப்பில் கட்டினார்களோ அந்தத் தெருவில், உரம் வாங்க வந்தவனும் டீ குடிக்க வந்தவனும் நிற்கிற இடத்தில், பேரனை மொட்டைப் பெயராகக் கூவினால் அவர் பொறுப்பாரா? கதவு அதிர வந்து நின்றார். "ஏலே மாரிராஜ், என்னலே ஊருக்கெல்லாம் கேக்குத மாதிரி கத்துதே? நான் என்ன ஓடியா போயிட்டேன்?"

"கோர்ட்டு முறை அண்ணாச்சி" என்றான் அவன்.

அம்மா அவரை உட்காரச் சொன்னார். நல்ல மரியாதையாகத்தான் பேசினார். "வாதி இன்னைக்கே வாதம் சொல்றாங்க. உங்க வக்கீல் இல்ல. நீங்க வாய்தா கேக்கலாம், நான் தருவேன். உங்க வக்கீலுக்கு ஆள் அனுப்பிக் கேக்கட்டுமா?"

அண்ணாச்சி தலையாட்டினார். மாரிராஜ் பந்தலுக்கு ஓடினான். வாய்தா என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தால் என் கதை முடிந்தது. கிருபைராஜ் கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் பண்ணுகிற மாதிரி உட்கார்ந்திருந்தார்.

மாரிராஜ் மூச்சு வாங்கத் திரும்பி வந்து, அதே பஜார்க் குரலில் சொன்னான். "சார் வர முடியாதாம் அம்மா. அண்ணாச்சிய வாய்தா மட்டும் கேக்கச் சொன்னாவ. வேற எதுக்கும் வாயத் தொறக்கக் கூடாதாம்."

ஜன்னலில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். ஒரு கிழவர், "வாயில பூட்டு போட்டுருவாவ போலிருக்கே" என்றார். அண்ணாச்சியின் காது மடல் சிவந்ததை நான் பார்த்தேன். "எனக்கு எதுக்கு வக்கீலு? எனக்கென்ன பேசத் தெரியாதா? அவ பேசட்டும், நானும் பேசுதேன்" என்றார்.

"யோசிச்சுச் சொல்லுங்க" என்றார் அம்மா.

"யோசிச்சாச்சு. எழுதிக்கிடுங்க."

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். வேறு வழியே இல்லாத நிலத்துக்குப் பக்கத்து நிலத்தில் பாதை உண்டு என்று சட்டம் இருக்கிறது. ஆனால் இரண்டு நிலமும் ஒரு காலத்தில் ஒரே ஆளிடம் இருந்து பிரிந்திருக்க வேண்டும். இருந்தது. ஆற்றுக்கும் வாய்க்காலுக்கும் நடுவில் இருந்த அத்தனையும் அண்ணாச்சியின் தாத்தாவுடையதுதான். தாத்தா ஒருவருக்கு விற்றார், அந்த ஆளிடமிருந்து என் அப்பா வாங்கினார். ஊரே அறிந்த விஷயம், கோர்ட்டுக்கு மட்டும் தெரியாது. தாத்தா விற்ற பத்திரத்தைப் பழைய சர்வே எண்ணில் தேடித்தேடிக் குமரகுருபரன் சார் ஓய்ந்துவிட்டார். கண்ணால் பார்த்தவர்கள் கல்லறையில் இருக்கிறார்கள். அண்ணாச்சி கூண்டில் ஏறியபோது அவருடைய வக்கீல் சொல்லிக்கொடுத்த மாதிரி எதைக் கேட்டாலும் 'தெரியாது'. எதிருரையிலோ இன்னும் மோசம். அந்த வயல் தன் குடும்பத்துக்கு ஒருபோதும் சொந்தமாக இருந்ததில்லை, அங்கே பாதை என்று ஒன்று இருந்ததேயில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். அந்தப் பொய்யில்தான் என் வழக்கு இத்தனை வருஷமாக முட்டிக்கொண்டு நின்றது.

பொய் சொல்கிற பையனை அடித்து உண்மையை வாங்க முடியாது. அவன் எதில் பெருமைப்படுகிறானோ அதில் கையை வைக்க வேண்டும். வகுப்பில் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்!

"அம்மா," என்றேன், "எதிருரைல அண்ணாச்சி எழுதியிருக்கத நான் இன்னைக்கு ஒத்துக்கிடுதேன்."

கிருபைராஜ் கண்ணைத் திறந்துவிட்டார்.

"அந்த வயலு அவங்க குடும்பத்துக்குச் சொந்தமா இருந்ததே இல்லன்னு எழுதியிருக்காவ. கையெழுத்துப் போட்டிருக்காவ. பெரிய மனுசரு பொய்யா எழுதுவாரு? அப்ப அவங்க தாத்தா அங்கன சொந்தமா ஒண்ணும் வச்சிருக்கல. அடுத்தவன் நெலத்தக் குத்தகைக்குத்தான் பாத்திருக்கணும். ஊருல பண்ணையாரு பண்ணையாருன்னு சொல்லுதது எல்லாம் சும்மா போலிருக்கு. குத்தகைக்குப் பாத்தவங்களுக்கு எங்க பாதையப் பத்தி என்ன தெரி..."

"யாருட்டி குத்தகைக்குப் பாத்தது?"

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அண்ணாச்சி எழுந்து நின்றார். கோர்ட்டு, அம்மா, யாருமே அவர் கண்ணில் படவில்லை. "எங்க தாத்தாவா குத்தகைக்காரரு? ஆத்துக்கும் வாய்க்காலுக்கும் நடுவுல அம்புட்டும் அவருது! உங்க அப்பா வாங்குனாரே ஒரு துண்டு, அது யாரு வித்ததுன்னு நெனைக்க? எங்க தாத்தா வித்தது! ரெண்டும் ஒரே வயலாக் கெடந்தது, நடுவுல வரப்பு போட்டதே அவருதான்!"

"அப்படியா? அப்ப வாங்குனவங்க எப்படி வயலுக்குப் போனாங்களாம்? பறந்தா?" என்று நானும் விடவில்லை.

"எதுக்குப் பறக்கணும்? அவருதான் வண்டிப்பாத விட்டாரு. வழி இல்லாம வயல விக்கதுக்கு அவரு என்ன கூறு கெட்டவரா? அத விட்டா அங்கன வேற வழி ஏது?"

ஜன்னலில் நின்றவர்களுக்குச் சட்டம் தெரியாது, ஆனால் என்னவோ நடந்துவிட்டது என்று எல்லாருக்கும் தெரிந்தது.

அம்மா பேனாவை எடுத்தார். "உக்காருங்க" என்றார். அவர் உட்கார்ந்தார். "உங்க எதிருரையில அந்த நிலம் உங்க குடும்பத்துக்குச் சொந்தமா இருந்ததில்லன்னு இருக்கு. இப்ப உங்க தாத்தாவோடதுன்னு சொல்றீங்க. பாதை இருந்ததில்லன்னு இருக்கு. இப்ப உங்க தாத்தாதான் விட்டார்னு சொல்றீங்க. நீங்களா சொன்னதாப் பதிவு பண்ணணும்னா கேட்டுட்டுத்தான் பண்ணுவேன். எது உண்மை? நிதானமாச் சொல்லுங்க."

அண்ணாச்சிக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலில் அவருடைய கடைக்கு வருகிறவர்கள், அவர் தாத்தாவிடம் கூலிக்கு நின்றவர்களுடைய மக்கள், பேரப்பிள்ளைகள். வழக்கில் ஜெயிக்க வேண்டுமென்றால் அத்தனை பேருக்கு முன்னால், அந்த நிலம் என் தாத்தாவுக்குச் சொந்தமே இல்லை என்று சொல்ல வேண்டும். எழுதிக் கொடுப்பது வேறு, இவர்கள் கேட்க வாயால் சொல்வது வேறு.

"எங்க தாத்தா நெலம்தான்" என்றார். "எழுதிக்கிடுங்க."

"பாதை?"

"அவரு விட்டதுதான்."

வாசித்துக் காட்டினார்கள். கையெழுத்துப் போட்டார். எழுத்துப் பிசகாமல் முழுப் பெயரையும் எழுதினார். அதைச் சொல்லியாக வேண்டும். அதன் பிறகு நான் என்னத்தப் பேச? பாதையைத் திறந்துவிடச் சொல்லுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். கிருபைராஜ் தண்ணீர் பாட்டிலை நீட்டினார், பாதியை அவரே குடித்திருந்தார்.

வெளியே வந்தபோது பந்தலில் ஒரே கலவரம். அண்ணாச்சியின் வக்கீல் தலையில் கையை வைத்துக்கொண்டிருந்தார். குமரகுருபரன் சார் என்னிடம், "என்ன காரியம் பண்ணிட்டிய டீச்சர்!" என்றார். திட்டுகிறாரா பாராட்டுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது.

"நீங்கள்லாம் உள்ள இருந்தா அண்ணாச்சி வக்கீலு இத நடக்க விட்டிருக்க மாட்டாவ சார்" என்றேன். "அதனால புறக்கணிப்புக்கு ரொம்ப நன்றி."

மறுநாள் வேடிக்கையைக் கேளுங்கள். காலையிலேயே கோர்ட்டு வாசலில் ஜனம். "டீச்சர் பேசுனா, நாம பேசக் கூடாதா?" என்று வரப்புத் தகராறு, வாடகைத் தகராறு, சொத்துப் பங்கு எல்லாரும் வகாலத்தை ரத்து பண்ணத் தாள் கேட்டு நிற்கிறார்கள். ஒரு அம்மாள் மருமகள் மேல் உள்ள கோபத்தையெல்லாம் கூண்டுக்கு வெளியே நின்றே வாதமாகக் கொட்டிவிட்டாள். மத்தியானத்துக்குள் சங்கத்தில் அவசரக் கூட்டம் போட்டுப் புறக்கணிப்பை வாபஸ் வாங்கிவிட்டார்கள். பந்தல்காரன் கயிற்றை அவிழ்க்கும்போது குமரகுருபரன் சார் கோட்டை மாட்டிக்கொண்டு உள்ளே ஓடினார். கோர்ட்டைப் பிரிக்கக் கூடாது என்ற மனுவில் இப்போது ஊர் முழுக்கக் கையெழுத்துப் போட்டிருக்கிறது. முதலில் போட்டது நான்தான். வக்கீல் கொண்டுவந்து நீட்டினார், போட்டேன். சண்டை வேறு, கோர்ட்டு வேறு.

லீவுக்கு முன்னால் தீர்ப்பு வந்தது. பாதை எனக்கு உண்டு, ஒரு மாதத்துக்குள் பிரதிவாதி சுவரை எடுத்துவிட வேண்டும். முன்சிபு அம்மா வாசித்துவிட்டு நிமிர்ந்து என்னை ஒரு நொடி பார்த்தார். அவ்வளவுதான். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. கோபக்காரிக்கு அழக் கூடாது என்று சட்டமா இருக்கிறது?

வராந்தாவில் அண்ணாச்சி காத்து நின்றார். அவர் வக்கீல் பின்னாலேயே, "அப்பீல் போவலாம் அண்ணாச்சி, கட்டாயம் போவலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணாச்சி கையை அசைத்து அவரைத் தூரப் போகச் சொன்னார்.

"எங்க தாத்தாவக் குத்தகைக்காரன்னு சொல்லிட்டியே" என்றார் என்னிடம்.

"நான் சொல்லல அண்ணாச்சி. நீங்க எழுதிக் குடுத்தத வாசிச்சேன்."

"அப்பீலுக்குப் போவல. போனா அங்க வந்தும் அவரு நெலம் இல்லன்னு நான் சொல்லணும். என்னால ஆவாது" என்றார். "வழிய விடுதேன். ஆனா ஒண்ணு. எங்க தாத்தா பெருந்தன்மையா விட்ட வழின்னு நாலு பேருகிட்ட நீ சொல்லணும். எனக்காவ இல்ல, அவருக்காவ."

சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். ஆமாம் அண்ணாச்சி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சுவர் இன்றைக்கே போய்விடும். கிருபைராஜ் என் முழங்கையைப் பிடித்து, சொல்லித் தொலையேன் என்கிற மாதிரி அழுத்தினார். எனக்கோ தரிசாகக் கிடந்த வயலும் அந்தக் கோரையும்தான் கண்ணுக்குள் நின்றன. பெருந்தன்மையாம்.

"உங்க தாத்தா நல்லவருதான். அத எங்க வேணும்னாலும் சொல்லுதேன்" என்றேன். "ஆனா அவரு வயல வித்தாரு. வழியோட வித்தாரு. எங்க அப்பா சம்பளத்த மிச்சம் புடிச்சி வழியோட வாங்குனாரு. வெலைக்கு வாங்குனதுக்கு நான் எதுக்கு அண்ணாச்சி கும்பிடு போடணும்?"

அவர் என்னையே பார்த்தார். "ஒரு மாசம் டைம் குடுத்திருக்காவ, தெரியும்லா?" என்றார்.

"தெரியும். ஒரு மாசம் முடிஞ்ச மறுநாள் கார் சாகுபடிக்கு உழ டிராக்டர் வரும். செவரு நின்னா கோர்ட்டு அமீனாவும் சேந்து வருவாவ."